தோலை இறுக்கும் கருவிகள்: சூடும் அளவும்



கோப்பெங் வட்டாரத்தில் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தும் எங்களைத் தேடிப் பழைய மாணவ மாணவியர் அவ்வப்போது வருவதுண்டு. சென்ற ஆண்டு அப்படி ஒரு பெண் வந்தாள். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. கல்யாணத்திற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டியவள், துப்பட்டாவைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தபடியே நின்றாள். அம்மா, அப்பா எல்லாரும் நலமா என்று விசாரித்துக்கொண்டே உட்காரச் சொன்னோம். துப்பட்டா நழுவியபோதுதான், தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுத்த கோடுகள் தெரிந்தன.

“டீச்சர், முகத்தை ஒல்லியாக்கித் தோலை இறுக்குற மெஷின்னு சொன்னாங்க. மாசா மாசம் காசு கட்டினேன். சுடுதுன்னு சொன்னேன். சூடு பட்டாத்தான் தோல் இறுகும், பொறுத்துக்கோன்னாங்க. அது நெசமா டீச்சர்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு எங்களால் ஒரே சொல்லில் பதில் கூற முடியவில்லை. சூடு பட்டால் தோல் இறுகும் என்பது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. எவ்வளவு சூடு, எந்த ஆழத்தில், எவ்வளவு நேரம், யார் கையால் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே அந்த உண்மை நமக்குப் பயன்படும். அந்த விடைகளைத் தேடி மனிதர்கள் நடந்து வந்த பாதை நூறாண்டுகளுக்கும் மேல் நீண்டது. இன்றைய பேச்சில் அந்தப் பாதையை நாம் சேர்ந்து பார்ப்போம்.

முதலில் நமக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர்கள். பால் மரத்தின் பட்டையில் பால் ஓடும் நாளங்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் உள்ளே, கட்டையை ஒட்டினாற்போல, பட்டையை மீண்டும் வளரச் செய்கிற மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கிறது. கத்தி நாளத்தைத் தொட வேண்டும். அந்தப் படலத்தைத் தொடக்கூடாது. மேலோடு சீவினால் பால் வராது. ஆழமாக இறக்கினால் மரம் காயப்படும். பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். மண்டோர் மரம் மரமாகப் பார்த்து, காயம் போட்டவர்களைக் கடிந்துகொண்டது எதற்காக என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

இந்த நுட்பம் மரத்தோடு கூடவே வந்துவிடவில்லை. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். 1877இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் நமது பேராக் மாநிலத்தில், கோலகங்சாரில் நடப்பட்டன. மரம் வந்தது, அதை எப்படி வெட்டுவது என்பது தெரியவில்லை. பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். அதனால் மரம் புண்ணாகிப் போயிற்று. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி என்பவர் 1890களில் பல சோதனைகளைச் செய்தார். ஒரே வெட்டுக்கோட்டில் மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே வந்தால் பாலும் கிடைக்கும், பட்டையும் திரும்ப வளரும் என்று காட்டினார். மரம் வந்து சேர்ந்ததற்கும் அளவு தெரிந்ததற்கும் இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

அளவான காயம், அது ஆறுவதற்கு வேண்டிய காலம், காயம் செய்கிற கையின் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்ததே பால் வெட்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோலை இறுக்கும் கருவி செய்வதும் இதுவேதான். அது தோலுக்குள் அளவான ஒரு காயத்தைச் செய்கிறது. உடம்பு அந்தக் காயத்தை ஆற்றும்போது புதிய நார்களை நெய்கிறது. அந்த நெசவுதான் இறுக்கமாக நமக்குத் தெரிகிறது.

அந்த நார் எது? நம் அடுப்பங்கரையிலேயே அதைப் பார்க்கலாம். இறகு பறிப்பதற்காகக் கோழியை வெந்நீரில் முக்கும்போது, தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிட்டால் தோல் சுருங்கிக் கிழிந்துவிடுகிறதல்லவா? ஆட்டுக்கால் சூப்பை இரவு முழுவதும் வைத்தால் காலையில் கூழாக உறைந்து நிற்கிறதல்லவா? இரண்டுக்கும் காரணம் கொலாஜன் என்னும் ஒரு புரதம். தோல், தசைநார், எலும்பு எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருப்பது இதுவே. இளமையில் இந்த நார்கள் அடர்த்தியாக இருக்கின்றன. வயது ஏற ஏறவும், வெயில் படப் படவும் அவை குறைந்து நைந்துபோகின்றன. தோல் தளர்வதற்கு இது முக்கியமான காரணம்.

இந்தக் கொலாஜனின் வடிவத்தை உலகுக்குச் சொன்ன இடம் சென்னை என்பதைக் கேட்டால் நம் பிள்ளைகள் வியப்படைவார்கள். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தவர் ஜி. என். இராமச்சந்திரன். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்று, பின்னர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சென்று வந்தவர். 1952இல், தமது முப்பதாவது வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவரானார். சென்னைக்கு வந்திருந்த பெர்னால் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரிவரப் பிடிபடவில்லை என்று கூறினாராம். இராமச்சந்திரன் அதையே கையில் எடுத்துக்கொண்டார்.

ஆராய்ச்சிக்குத் தூய்மையான நார் வேண்டும். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திற்கு அருகிலேயே, அடையாற்றில், தோல் பதனிடுவதைப் பற்றி ஆராயும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது. அதன் மீது எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்திப் படமெடுத்து, கணக்குப் போட்டுப் பார்த்து, கோபிநாத் கர்த்தா என்பவருடன் சேர்ந்து 1954இல் ‘நேச்சர்’ என்னும் ஆங்கில விஞ்ஞான இதழில் தம் முடிவை வெளியிட்டார் இராமச்சந்திரன். அடுத்த ஆண்டிலேயே அதைத் திருத்தி மேலும் செம்மையாக்கினார்கள். அவர்கள் கண்டது இதுதான்: கொலாஜன் என்பது மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு.

தேங்காய் நார்க் கயிற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முறுக்கு இருக்கும் வரையில் அது நீளமாகவும் உறுதியாகவும் இருக்கிறது. முறுக்குக் கலைந்தால் சுருண்டு குட்டையாகிறது. கொலாஜன் கயிறும் அப்படித்தான். ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் முறுக்குக் கலையத் தொடங்குகிறது, நார் சுருங்குகிறது. அதற்கும் மேலே சூடு கூடினாலோ, நேரம் நீண்டாலோ, சுற்றியுள்ள உயிரணுக்கள் வெந்து சாகின்றன. தோல் இறுகும் எல்லைக்கும் தோல் வேகும் எல்லைக்கும் நடுவே இருப்பது மிகக் குறுகிய வரப்பு. அந்தப் பெண்ணின் கேள்விக்கு முதற் பதில் இந்த வரப்பில்தான் இருக்கிறது.

இனி, இந்தச் சூட்டை உடம்புக்குள் செலுத்தும் கருவிகள் எவ்வாறு வந்தன என்று பார்ப்போம். 1891ஆம் ஆண்டு வாக்கில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி தார்சன்வால் ஒரு புதுமையைக் கண்டார். சாதாரண மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் அதிர்ச்சி தாக்கும். ஆனால் வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும் மின்சாரத்தைச் செலுத்தினால் தசை துடிப்பதில்லை. உள்ளே இதமான சூடு மட்டுமே உண்டாகிறது. வலிக்காக மருத்துவமனைகளில் கொடுக்கும் மின்வெப்பச் சிகிச்சை இதிலிருந்து வளர்ந்தது. 1926இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில், போவி என்பவர் அமைத்த மின்கருவியைக் கொண்டு, ஹார்வி குஷிங் என்ற புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் இரத்தக் கசிவை நிறுத்தி அறுவை செய்தார். அங்கே கருவி மருத்துவர் கையில் இருந்தது.

அதே காலத்தில் மற்றொரு சக்தி வேறு கைகளுக்குப் போயிற்று. 1895 நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியில் ரோண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே, அந்தக் கதிர் பட்ட இடத்தில் முடி உதிர்வதைப் பலர் கவனித்தார்கள். வியன்னா நகரில் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் என்னும் மருத்துவர், முதுகில் முடி அடர்ந்த பெரிய மச்சத்தோடு இருந்த ஒரு சிறுமிக்கு 1896இல் எக்ஸ்ரே சிகிச்சை கொடுத்தார். முடி உதிர்ந்தது. ஆனால் முதுகில் ஆறாத புண் உண்டாயிற்று. எழுபது ஆண்டுகள் கழித்து, 1966இல், அந்தப் பெண்ணைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். அப்போதும் வடு முதுகில் இருந்தது. முதல் நோயாளியிடமே எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எச்சரிக்கையை வியாபாரம் கேட்கவில்லை. 1920களில் அமெரிக்காவில் டாக்டர் கெய்சர் என்பவர் ‘டிரைக்கோ’ என்னும் எக்ஸ்ரே கருவியை அழகு நிலையங்களுக்குக் கொடுத்தார். முகத்தில் முடி வளர்ந்த பெண்கள் அதன் எதிரே உட்கார்ந்தார்கள். வலி இல்லை, சத்தம் இல்லை, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கருவியை இயக்கியவர்கள் மருத்துவர்கள் அல்லர். முடி உதிர்ந்தது உண்மை. ஆனால் மாதங்களும் ஆண்டுகளும் கழிந்த பிறகு தோல் சுருங்கிற்று, கறுத்தது, புண் வந்தது. சிலருக்குப் புற்றுநோயே வந்தது. 1929இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் கண்டித்தது. பிறகு அந்த வியாபாரம் ஒடுங்கிற்று. அழகைத் தேடி உட்கார்ந்த அந்தப் பெண்களில் பலர் நம்மைப் போல் உழைத்துச் சம்பாதித்தவர்கள்தாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இன்றைய தோல் இறுக்கும் கருவிகள் எக்ஸ்ரே கருவிகள் அல்ல. அவற்றின் ரேடியோ அலையோ ஒலி அலையோ எக்ஸ்ரேயைப் போல உயிரணுவின் விதையைச் சிதைப்பதில்லை. ஆகவே வீண் பயம் வேண்டாம். டிரைக்கோ கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. சக்தி முதலில் வருகிறது. வியாபாரம் அதன் பின்னாலேயே ஓடி வருகிறது. அளவு கடைசியில்தான் வருகிறது. அந்த இடைவெளியில் அகப்படுகிறவர்களுக்குத்தான் துன்பம்.

அளவை முதலில் தேடியவர்களும் இருந்தார்கள். டென்மார்க் நாட்டின் நீல்ஸ் ஃபின்சன், ஒளியை ஒரு முகமாகக் குவித்து, தோலில் வரும் காசநோயைக் குணப்படுத்தினார். எந்த ஒளி, எவ்வளவு நேரம் என்று பொறுமையாகச் சோதித்த அவருக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. 1960 மே 16ஆம் நாள் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் மாணிக்கக் கல் ஒன்றின் உதவியால் முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். சில ஆண்டுகளுக்குள் லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதைத் தோலில் பயன்படுத்திப் பார்த்தார். ஆனால் அக்கால லேசர் பல நேரங்களில் சுற்றுப்புறத்தையும் சேர்த்துச் சுட்டு, வடுவை விட்டுச் சென்றது.

1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு பொருளும் ஒரு குறிப்பிட்ட நிற ஒளியை அதிகமாக உறிஞ்சுகிறது. அதற்கேற்ற ஒளியை, சூடு அக்கம்பக்கம் பரவுவதற்குமுன் முடிந்துவிடும் அளவு குறுகிய நேரத்திற்கு மட்டும் கொடுத்தால், வேண்டிய இடம் மட்டும் சுடும், சுற்றுப்புறம் தப்பும். ரிட்லி பால் மரத்துக்குச் செய்ததைப் போல, இவர்கள் தோலுக்கு அளவைக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

அதன் பிறகு கருவிகள் வரிசையாக வந்தன. 2002இல் தெர்மேஜ் என்னும் ரேடியோ அலைக் கருவிக்குக் கண்ணைச் சுற்றியுள்ள சுருக்கத்திற்காக அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. இந்தப் பேச்சை உங்கள் வீட்டு வானொலிக்குச் சுமந்து வருவதும் ரேடியோ அலைதான். அதே இனத்து மின்சக்தியை ஒரு முனை வழியாகத் தோலுக்குள் செலுத்தும்போது, திசுக்கள் அதைத் தடுக்கின்றன. தடுக்கும் இடத்தில் சூடு பிறக்கிறது. மேல்தோல் வேகாமலிருக்க அந்த முனையிலேயே குளிர்ச்சியும் கொடுக்கிறார்கள். மேலே குளிர்ச்சி, உள்ளே சூடு. குளிர்ச்சி தவறினால் மேல்தோல் சுட்டுவிடும்.

2009இல் ஒலி அலைக் கருவி வந்தது. நம் ஊரில் ‘ஹைஃபு’ என்று விளம்பரப் பலகைகளில் காண்பது இந்த இனம்தான். பூதக்கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் தாளை எரிப்பதைப் பிள்ளைகள் செய்து பார்த்திருப்பார்கள். காதுக்குக் கேளாத உயர்ந்த ஒலியை அதேபோலக் குவித்து, தோலுக்கு அடியில் ஒன்றரை, மூன்று, நாலரை மில்லிமீட்டர் ஆழங்களில் சிறுசிறு புள்ளிகளாகச் சுடுகிறார்கள். அந்தப் புள்ளிகளில் சூடு 60 டிகிரிக்கு மேல் போகிறது. முகத்தில் எந்த இடத்தில் நரம்பு ஓடுகிறது, எந்த இடத்தில் தோல் மெல்லியது என்பது தெரிந்த கைதான் அந்த ஆழத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆழம் தவறினால் நரம்பு பாதிக்கப்படலாம். கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப் போகலாம்.

உடம்பின் சில இடங்களில் கொழுப்பைக் குறைப்பதற்கு வந்த கருவியின் கதை வேடிக்கையானது. அது சூட்டை விட்டுக் குளிரைப் பிடித்தது. 1970இல், குச்சி ஐஸ் சப்பிய ஒரு குழந்தையின் கன்னத்தில் கொழுப்பு கட்டிப்பட்டுக் கரைந்ததை மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். கேமரன் மலைக்குக் கொண்டுபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் தண்ணீர் உறைவதில்லை. கொழுப்பு தண்ணீருக்கு முன்னே குளிருக்கு அடங்குகிறது. முன்னர் சொன்ன ஆண்டர்சனும், டீட்டர் மேன்ஸ்டைன் என்பவரும் இந்த வேறுபாட்டைக் கொண்டு, தோலைக் காப்பாற்றிக் கொழுப்பணுக்களை மட்டும் குளிரால் அழிக்கும் முறையைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். 2010இல் இடுப்பின் பக்கவாட்டுக் கொழுப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அழிந்த அணுக்களை உடம்பு இரண்டு மூன்று மாதங்களில் மெல்லமெல்ல அகற்றுகிறது.

இவற்றால் கிடைக்கும் பலன் என்ன? அளவான பலன்தான். குளிர்க் கருவி வைத்த இடத்தில் கொழுப்பின் தடிப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையலாம். தோல் இறுக்கும் கருவியால் தளர்ச்சி ஓரளவு குறையலாம். மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்தால்தான் தெரியும். இது எடையைக் குறைக்கும் வழி அன்று. தராசில் நின்றால் வித்தியாசம் தெரியாது. சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் இதனால் குறைவதில்லை. பிரசவத்திற்குப் பிறகு மிகவும் தொங்கிப்போன வயிற்றை எந்தக் கருவியும் பழையபடி ஆக்கிவிடாது. ‘ஒரு மணி நேரத்தில் பத்து வயது குறையும்’ என்று யாராவது சொன்னால், அது விளம்பரமே ஒழிய விஞ்ஞானம் அன்று.

அனுமதி பெற்ற கருவியிலும் பின்னால் வந்த செய்தி உண்டு. குளிர்க் கருவி வைத்த சிலருக்குக் கொழுப்பு குறைவதற்குப் பதிலாக அந்த இடம் கெட்டியாகிப் பெரிதாக வளர்ந்தது என்பதை 2014இல் மருத்துவர்கள் முதன்முதலாக எழுதினார்கள். 2021இல் லிண்டா எவாஞ்சலிஸ்டா என்ற உலகப் புகழ் பெற்ற அழகி, தமக்கு அப்படி நேர்ந்ததை வெளியே சொல்லி வழக்குத் தொடுத்தார். 2022இல் அது சமரசமாக முடிந்தது. இது அரிதாக வருவது. ஆனால் வந்தால் பெரும்பாலும் அறுவைதான் வழி. 2025 அக்டோபரில், ஊசி முனைகள் வழியாக ரேடியோ அலை செலுத்தும் கருவிகளால் தீக்காயம், வடு, நரம்புப் பாதிப்பு ஆகியவை நேர்ந்ததாக அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. அளவைத் தேடும் வேலை இன்னும் முடியவில்லை என்பதை இவை காட்டுகின்றன.

நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது நம் தோலின் நிறம். 1975இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வெயிலைத் தாங்கும் திறனைக் கொண்டு தோலை வகைப்படுத்தினார். அப்பட்டியல் முதலில் வெள்ளைத் தோலை மட்டுமே கருதிச் செய்யப்பட்டது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் உரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னரே சேர்ந்தன. லேசர் ஒளியை நம் தோலின் கருநிறமே பெருமளவு உறிஞ்சிக்கொள்கிறது; வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை நமக்கு வைத்தால் சுட்டுவிடும். ரேடியோ அலையும் ஒலியும் நிறத்தைப் பார்ப்பதில்லை. ஆயினும் எந்தச் சூட்டால் காயம் பட்டாலும் நம் தோல் கறுத்துப்போவது அதிகம். அந்தக் கறுப்பு மறையப் பல மாதம் ஆகும். அந்தப் பெண்ணின் தாடையில் கண்டது அதுவே.

நமது நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டம், அதாவது சட்டம் 737, மருத்துவக் கருவிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அதற்கென ஒரு வாரியமும் உண்டு. மருத்துவ முறையில் அழகுச் சிகிச்சை செய்யும் மருத்துவர், ‘எல்.சி.பி.’ என்னும் சான்றைச் சுகாதார அமைச்சிடம் பெற்றிருக்க வேண்டும். ஆகவே காசைக் கொடுக்குமுன் கேளுங்கள்: இதைச் செய்யப் போகிறவர் மருத்துவரா? சான்று எங்கே? கருவி பதிவு பெற்றதா? என் நிறத் தோலில் இதைச் செய்திருக்கிறீர்களா? சுட்டால் உடனே நிறுத்துவீர்களா? கர்ப்பிணிகளும், இருதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்களும், உடம்பில் உலோகத் தகடு வைத்தவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அன்று. பதில் சொல்ல முகம் சுளிக்கும் இடத்தில் உட்காராதீர்கள்.

இன்னொரு சொல், அழகு நிலையங்களில் வேலை செய்யும் நம் பெண்பிள்ளைகளுக்கு. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய், கையில் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு குடும்பத்தைத் தாங்குகிற உங்களைக் கண்டு நாங்கள் பெருமைப்படுகிறோம். ஆனால் உங்களுக்குக் கற்றுக் கொடுக்காத கருவியை, முதலாளி சொன்னார் என்பதற்காக இன்னொரு பெண்ணின் முகத்தில் வைக்காதீர்கள். பயிற்சி இல்லாத கையில் கத்தியைக் கொடுத்து மரத்தடிக்கு அனுப்ப எந்த மண்டோரும் சம்மதிக்கமாட்டார். மனிதத் தோல் மரப்பட்டையைவிட மெல்லியது. சுடுகிறது என்று ஒருவர் சொன்னால் அதுதான் அளவுகோல். ‘பொறுத்துக்கொள்’ என்பது விடை ஆகாது. சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்துக் குளிரச் செய்யுங்கள். பற்பசை, எண்ணெய் எதையும் தடவாமல் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

தோலைக் காக்கச் செலவில்லாத வழிகளும் உண்டு. அளவுக்கு மீறிய வெயிலும் புகைப்பழக்கமும் கொலாஜன் நார்களை நைந்துபோகச் செய்கின்றன. வெயிலில் வேலை செய்யும் நம் தாய்மார்கள் தலையிலும் முகத்திலும் துணி கட்டிக்கொண்டு போனதை நாம் பழைய பழக்கம் என்று நினைத்திருந்தோம். அவர்கள் கட்டிய துணி, தோலுக்கு நல்ல காவல் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நாங்கள் என்ன சொன்னோம்? சூடு பட்டால் தோல் இறுகும் என்பது உண்மை. அளவு தவறினால் தோல் வேகும் என்பதும் உண்மை. சுடுகிறது என்று நீ சொன்னபோதே அவர்கள் நிறுத்தியிருக்க வேண்டும். அதில் உன் தவறு ஒன்றும் இல்லை என்றோம். அழகாக இருக்க ஆசைப்பட்டதற்காக அவள் வெட்கப்படத் தேவையில்லை என்றும் சொன்னோம். மறுவாரம் அவளுடைய அம்மாவோடு அரசாங்க கிளினிக்குக்குப் போனாள். களிம்பு தந்தார்கள்; வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கல்யாணத்தன்று கோடுகள் மங்கியிருந்தன, முழுவதும் போய்விடவில்லை. மாலையோடு மணவறையில் அமர்ந்திருந்த அவள், எங்களைக் கண்டதும் முகத்தை மறைக்காமல் சிரித்தாள்.

“இதை மத்தவங்களுக்கும் சொல்லுங்க டீச்சர், காசு கட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கட்டும்” என்று அவள் கேட்டுக்கொண்டதால்தான் இந்தப் பேச்சு. வீட்டில் யாராவது இப்படிப்பட்ட விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்டால், திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, எவ்வளவு சூடு, எந்த ஆழம், எவ்வளவு நேரம், யார் கை என்ற நான்கு கேள்விகளையும் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.